மாசிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

கொல்கத்தா, ஜனவரி 31, 2024

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பாவை நேற்று ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று காலை ஒன்றரை இட்லி உள்ளே போனது. சட்னியில் காரமே இல்லை என்று குறைபட்டுக்கொண்டார். அந்தக் குறையைக் கேட்டுவிட்டு நானும் தம்பியும் வராந்தாவில் நின்று அழுதோம். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும்.

ரத்தம் கொடுத்தவர்கள், நடுராத்திரியில் பணத்தை அனுப்பிவிட்டு "திருப்பித் தருவதைப் பற்றி இப்போது பேசாதே" என்றவர்கள், லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து வேளை தவறாமல் சாப்பாடு கொடுத்தனுப்பிய தமிழ்க் குடும்பங்கள், என் வேலையைப் பங்குபோட்டுச் செய்த ஆபீஸ் தோழர்கள், வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன் அப்பாவுக்காக வேண்டிக்கொண்ட பிள்ளைகள், டாக்டர்கள், நர்ஸ்கள், உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன். அதுவரைக்கும் இந்த ஒரு பத்தியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதப்போவது மாசியைப் பற்றி.

ராத்திரி டியூட்டியில் நோயாளிகளுக்கு உடம்பு துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, தலை சீவிவிடும் ஆயா அவர். கொல்கத்தாவில் இவர்களை எல்லோரும் மாசி என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தி முறை. அப்பாவுக்குத் தொண்டையில் குழாய். பேச முடியாது. பேச முடிந்தாலும் வங்காளம் தெரியாது. முதல் நாள் ராத்திரி மாசி வெளியே வந்து அரைகுறை இந்தியில் என்னிடம் கேட்டார்: இவருக்கு என்ன பிடிக்கும்? பாட்டா, சாமியா, பேரப்பிள்ளையா? நான் பதில் சொல்லாமல் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினேன். போன ஆகஸ்ட் 12ஆம் தேதி, சால்ட் லேக் ஸ்டேடியத்தில், டூரண்ட் கோப்பை கால்பந்து டெர்பி, அதாவது ஒரே ஊரின் இரண்டு அணிகள் மோதும் ஆட்டம், முடிந்ததும் எடுத்த படம். நந்தா அடித்த ஒரே கோலில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த நாள். நாலரை வருடத்துக்குப் பிறகு கிடைத்த டெர்பி வெற்றி. அப்பா கழுத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு துண்டு. நம்ம வியாசர்பாடிப் பையன் நந்தகுமார் அந்த அணிக்குப் போன நாளிலிருந்து அப்பா ஈஸ்ட் பெங்கால்காரர் ஆகிவிட்டது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

படத்தைப் பார்த்ததும் மாசி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து, இன்றைய பங்களாதேஷிலிருந்து, வந்த குடும்பமாம். பிறந்ததிலிருந்து ஈஸ்ட் பெங்கால். "இவர் நம்ம ஆள்" என்றார். அன்றிலிருந்து அப்பா அவருக்குக் கட்டில் நம்பர் இல்லை, ஆட்டம் தெரிந்த மனுஷர். பெரம்பூர் லோகோ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, சாயங்காலமானால் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போன ஒருவரை, அந்தக் குழாய்களுக்கு நடுவிலிருந்து அவர் கண்டுபிடித்துவிட்டார். எனக்கே அந்த நாட்களில் அப்பா வெறும் ரிப்போர்ட்டாகத்தான் தெரிந்தார்: ஆக்சிஜன் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு.

ஜனவரி 19 ராத்திரி புவனேஸ்வரில் சூப்பர் கப் டெர்பி. மறுநாள் காலை பார்வை நேரத்தில் உள்ளே போனேன். அப்பாவின் கால்மாட்டில், கட்டில் கம்பியில், மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு மார்க்கரில் 3-1. அதன் கீழே 10, 10, 11. அவ்வளவுதான். வங்காள எழுத்து அப்பாவுக்குப் புரியாது, ஜெர்சி நம்பர் புரியும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்! பத்து கிளெய்டன் சில்வா, பதினொன்று நந்தா. அப்பாவின் கண் அந்த அட்டையிலேயே இருந்தது.

கிளெய்டனைப் பற்றி மாசிக்குத் தெரியாதது இல்லை. மகன் சொல்லிச் சொல்லி மனப்பாடம். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அந்தப் பிரேசில்காரரின் கதையைத்தான் பேசிக்கொண்டிருப்பாராம். பேச்சுச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தால் மனுஷனுக்கு நல்லது என்பது அவர் கட்சி. நர்ஸ் ஒருவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். என்னதான் சொல்கிறார் என்று நானும் கேட்டுவைத்தேன்.

பிரேசில் என்றால் பெலே, ரொனால்டோ, நெய்மார் என்று நமக்குப் பழக்கம். கிளெய்டன் அந்த வரிசை இல்லை. தேசிய அணிச் சட்டை போட்டதில்லை. ஐரோப்பாவின் பெரிய கிளப் எதிலும் அவர் பெயர் இல்லை. தாய்லாந்தில் ஓசோட்ஸ்பா, பிஇசி டெரோ, முவாங்தோங், சியாங்ராய், சுபன்புரி என்று கிளப் கிளப்பாக ஆடி, அந்த நாட்டு லீகில் 100 கோல் அடித்த முதல் வெளிநாட்டு வீரர் ஆனவர். நடுவில் மெக்சிகோ, சீனா. 2020இல் பெங்களூரு எஃப்சிக்கு அவர் வந்தபோது அங்கே கோச் கார்லெஸ் குவாத்ராத். இந்த சூப்பர் கப்பில் ஈஸ்ட் பெங்காலுக்கும் கோச் அதே குவாத்ராத்தான். 2022இல் கொல்கத்தாவுக்கு வந்தார். அந்த சீசன் ஐஎஸ்எல்லில், இந்தியன் சூப்பர் லீகில், அணி ஒன்பதாவது இடம். அந்த அணியில் இருந்துகொண்டு 12 கோல் அடித்தார் மனுஷர். அந்த சீசனில் அதற்கு மேல் யாருமே அடிக்கவில்லை. ஜெயிக்கிற அணியில் கோல் அடிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில், பந்து எப்போதோ ஒரு தடவைதான் காலுக்கு வரும் என்று தெரிந்தும் வாரா வாரம் ஓடுகிற முன்கள வீரர்தான் எனக்குப் பெரியவர். அப்பாவும் இதையேதான் சொல்வார். மாசி தன் கணக்கில் இன்னொன்று சேர்த்தார்: "37 வயது ஆகப்போகிறது, இன்னும் ஓடுகிறான். உங்கப்பாவும் ஓடுவார்."

28ஆம் தேதி சூப்பர் கப் ஃபைனல். கலிங்கா ஸ்டேடியத்தில், ஒடிசா எஃப்சியின் சொந்த மண்ணில். முதல் கோல் அவர்களுக்கு. அடித்தவர் டியகோ மொரீசியோ, அவரும் பிரேசில். நந்தா தன் பழைய அணிக்கு எதிராகவே சமன் செய்தான். அப்புறம் எங்கள் கிரெஸ்போவின் பெனால்டி. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில், 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் கடைசியில் ஒடிசாவுக்கு ஒரு பெனால்டி. 2-2. கூடுதல் நேரம். நான் கீழே லாபியில் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது, கண் மட்டும் அங்கே இருந்தது. பின்னாலிருந்து தோளில் ஒரு கை. மாசி. டீ குடிக்கும் நேரத்தை அதுவரை எடுக்காமல் வைத்திருந்து இதற்காக இறங்கி வந்திருக்கிறார். ரப்பர் செருப்பு, கையில் சானிடைசர் வாசனை. 111ஆவது நிமிடம் கிளெய்டன் அடித்தார். மாசி சத்தம் போடவில்லை, ஆஸ்பத்திரி. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். என் தோளில் அவர் பிடித்த இடம் மறுநாளும் வலித்தது. மீதி ஆட்டத்துக்கு நிற்கவில்லை. 2012 ஃபெடரேஷன் கப்புக்குப் பிறகு தன் அணி தேசிய அளவில் ஜெயிக்கிற முதல் கோப்பை, பத்து நிமிடம் நின்றிருந்தால் கண்ணால் பார்த்திருக்கலாம். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் ஆகிவிட்டது என்று மாடிப்படியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் குழாயை எடுத்ததும் அப்பா கரகரத்த குரலில் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்: "நந்தா அடிச்சானாமே."

மாசி, இதை யாராவது உங்களுக்கு வங்காளத்தில் படித்துச் சொல்லட்டும். மருந்து அப்பாவைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ராத்திரிகளில் அவர் தனியாக இல்லை என்பதற்கு நீங்கள்தான் காரணம். காசு கொடுக்க வந்தபோது கையைத் தள்ளிவிட்டீர்கள். சரி, இனி தரமாட்டேன். என்னால் முடிந்ததைச் செய்கிறேன். நாலு மாதத்துக்கு ஒருமுறை, உடம்பு இடம் கொடுக்கும் வரை, ரத்தம் கொடுப்பேன். என் ஊர்க்காரர்கள் யார் இந்த நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்தாலும் போய் உட்காருவேன். அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று முதலில் கேட்பேன்.

கிளெய்டனுக்கும் நந்தாவுக்கும் இந்த மடல் போய்ச் சேருமா, தெரியாது. அவர்கள் பார்வைக்குக் கொண்டுபோகக்கூடியவர்கள் யாராவது இருந்தால், ஐசியூவில் ஒரு ரயில்வே தொழிலாளி உங்கள் நம்பர்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை, 3ஆம் தேதி, சால்ட் லேக்கில் ஐஎஸ்எல் டெர்பி. பிறந்ததிலிருந்து ஈஸ்ட் பெங்கால் என்கிற மாசி இதுவரை ஸ்டேடியத்துக்குள் போனதே இல்லையாம். ராத்திரி டியூட்டி விட்டதில்லை. அவருக்கும் மகனுக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டோம். போகமாட்டேன் என்று நேற்று முழுக்க அடம் பிடித்தார், கடைசியில் அப்பா கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவருடைய டியூட்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் இன்னொரு மாசி. அவர் மோகன் பகான் கட்சி. அவருக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
அப்பாவின் சார்பில், மகள்