அந்தப் பழைய ஃபைலுக்கு நன்றி

சிகிச்சை மையத்தில் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்,

இன்றோடு 31 நாளாக என் மகன் போதை தரும் எதையும் தொடவில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நெஞ்சுப் படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி, வரவேற்பு மேசையில் இருந்த அந்த அம்மாவுக்கு.

ஏழு வாரம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி சறுக்கியிருந்தான். இரண்டாவது தடவையாக அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே வரவே எனக்குக் கூசியது. போன தடவை அவ்வளவு பாடுபட்டோமே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். பெயர், வயது, எப்போது ஆரம்பித்தாய், என்னென்ன எடுத்தாய் என்று எல்லாவற்றையும் மறுபடி அவன் வாயாலேயே சொல்ல வைப்பார்கள் என்று நினைத்தேன்.

அவர் எதையும் கேட்கவில்லை. எழுந்து போய் அலமாரியில் தேடி, அவனுடைய பழைய ஃபைலை எடுத்து வந்தார். ஓரம் மடங்கிய பழுப்பு அட்டை. காத்திருந்த சலிப்பில் அவன் எப்போதோ அதன்மேல் கிறுக்கிய ஒரு மீன். எப்போதெல்லாம் ஆசை கிளம்புகிறது என்று கவுன்சலர் எழுதச் சொன்ன தாளும் உள்ளே அப்படியே இருந்தது. பசி, கோபம், தனிமை, தூக்கமின்மை என்று அவன் கையெழுத்து. கடைசித் தாளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைக் கோத்து, தேதி போட்டு, மேலே ‘தொடர்ச்சி’ என்று எழுதினார். கையெழுத்துப் போட அவனிடம் பேனாவை நீட்டினார்.

“முதல்ல இருந்து வேணாம் தம்பி. விட்ட இடத்துல இருந்து பார்ப்போம்.”

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் தலை நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

சிகிச்சை எடுப்பவர்களில் 100க்கு 40 முதல் 60 பேர் மறுபடி சறுக்குவதுண்டு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா போல இதுவும் தொடர்ந்து பார்க்க வேண்டிய நோய்தான் என்று அப்புறம் டாக்டர் சொன்னார். பிரஷர் ஏறிவிட்டது என்று என்னை இதுவரை யாரும் திட்டியதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இன்னொன்றும் சொன்னார். அவன் எடுத்த மாதிரி மாத்திரைகளைக் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி போய்விடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வெட்கப்பட்டு மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நினைக்க நினைக்க அந்தத் தாள் எனக்குப் பெரிதாகிக்கொண்டே போகிறது.

முதல் வாரம் அவன் தூங்காத இரவுகளில் விழித்திருந்த நர்ஸுகளுக்கும், எழும்பி வரும் ஆசை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே தணியும், அதுவரை அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிரு என்று சொல்லிக்கொடுத்த கவுன்சலருக்கும், வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையை அவனிடம் மறைக்காமல் சொன்ன பிள்ளைகளுக்கும், பாடம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்ட ஆசிரியருக்கும் நன்றி. குடும்ப அமர்வில் நான் கத்த ஆரம்பித்தபோது, “சார், அவன் பேசி முடிக்கட்டும்” என்று என்னை நிறுத்தியவருக்குத் தனியாக ஒரு நன்றி. நிதானம் பார்க்கிற மூளைப் பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும் என்று அவர்தான் விளக்கினார். என் மகனுக்கு 17. வளர்ந்து முடிந்தவனிடம் சண்டை போடுவது போலத்தான் இத்தனை நாள் அவனிடம் போட்டிருக்கிறேன்.

இனி அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைப்பையைத் துழாவ மாட்டேன். சந்தேகம் வந்தால் நேராகக் கேட்பேன். மறுபடி சறுக்கினாலும், அன்றைக்கே அவன் என்னிடம் வந்து சொல்கிற மாதிரி நடந்துகொள்வேன். குடும்ப அமர்வுக்கு ஒரு வாரமும் தவற மாட்டேன்.

இதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அந்த அக்காவைப் பற்றி எழுதியது போதாது என்றான். அன்று அவர் கொடுத்த பேனா இன்னும் அவன் பையில்தான் இருக்கிறதாம். வியாழக்கிழமை வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்கிறான்.