சுவிட்சை அணைத்த பிறகும் மினுங்கும் பல்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் மூன்று போர்ஷன் உள்ள பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது வேறு எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் குளியலறையில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டர் மாட்டிய கொஞ்ச நாளில், சுவிட்சை அணைத்த பிறகும் அது லேசாக மினுங்க ஆரம்பித்தது. பகலில் கண்ணுக்கே தெரியாது. நடுராத்திரி எழுந்து போனால் வாளியும் குவளையும் இருக்கும் இடம் தெரியும் அளவுக்கு வெளிச்சம். பல்புதான் மட்டம் என்று நினைத்துக் கடையில் கொடுத்து மாற்றினோம். புதிதும் மினுங்கியது. மூன்றாவது பல்பை மாட்டுவதற்காக என் கணவர் இரும்பு ஸ்டூலில் ஏறினார். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது, நானே பார்த்தேன். பழைய பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டருக்குள் இருந்த ஒட்டடையை விரலால் துடைத்தார். அடுத்த நொடி ஈரத் தரையில் கிடந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டு இன்னும் மாவுக்கட்டோடு இருக்கிறார்.

பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கும் பையன் டெஸ்டரோடு ஓடிவந்தான். ஹோல்டரின் இரண்டு பின்களில் ஒன்றில் வைத்தான். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. சுவிட்சைப் போட்டாலும் எரிகிறது, அணைத்தாலும் எரிகிறது. "அத்தை, சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கு. லைட்டைத்தான் அணைக்குது, கரண்டை அணைக்கல" என்றான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சுவிட்ச் எப்போதும் மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயரைத்தான் துண்டிக்க வேண்டும். அது திரும்பிப் போகும் வயரான நியூட்ரலைத் துண்டித்தாலும் விளக்கு அணையும். ஆனால் 230 வோல்ட் ஹோல்டர் வரை வந்து காத்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து மிகச் சிறிதளவு மின்சாரம் சுற்றியுள்ள வயர், சுவர் வழியாகக் கசியும். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு அந்தக் கசிவு எந்த மூலைக்கும் போதாது. எல்இடிக்கு அந்தத் துளியே போதும், மினுங்கிக் காட்டிவிடுகிறது. எத்தனை ராத்திரி அந்த பல்பு எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் கடைக்காரரைக் குறை சொன்னோம்.

மினுங்கும் பல்பெல்லாம் இந்தக் கோளாறுதான் என்று சொல்லவில்லை. சிவப்புப் பொட்டு எரியும் இண்டிகேட்டர் சுவிட்ச் இருந்தாலோ, வயர்கள் ஒரே பைப்பில் வெகுதூரம் ஒன்றாக ஓடினாலோ கூட மினுங்கும். அப்போது டெஸ்டரும் பெரும்பாலும் மங்கலாகத்தான் எரியும். எதுவானாலும் பார்த்துவிட்டுத்தான் ஹோல்டரில் கை வைக்க வேண்டும்.

வயர்மேன் வந்து மெயின் போர்டைத் திறந்தார். இன்வெர்ட்டருக்காக லைன் பிரித்த இடத்தில் சிவப்பு (ஃபேஸ்) வர வேண்டிய முனையில் கருப்பு (நியூட்ரல்) வயர். இரண்டும் இடம் மாறியிருந்ததால், அந்த லைனில் உள்ள எல்லா விளக்கும், என் தையல் மிஷினுக்கு மேலே உள்ள டியூப் லைட் உட்பட, அப்படித்தான் இருந்திருக்கிறது. அந்த லைனுக்கு போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்சான எம்சிபியை இறக்கினாலும் நியூட்ரல்தான் துண்டாகியிருக்கும். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். அப்புறம் அவர் சொன்ன இன்னொன்றும் எனக்குத் தெரியாதது: இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை மட்டும் அணைத்தால் போதாது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் அதே விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்க ஆரம்பித்துவிடும். பல்பு, ஹோல்டர், டியூப் லைட் பட்டி எதை மாற்றினாலும் இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் மாட்ட வருகிறவர்கள், விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகக் கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துக் காட்டிவிட்டுப் போகட்டும். ஒரு விளக்குக்கு ஒரு நிமிடம் ஆகுமா? வீட்டு ஓனர்கள், மின்சாரம் கசிந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு மாத வாடகையைக் கூடக் கேட்காத செலவு அது. குடியிருப்பவர்களும் உயிர்தானே.

மற்ற இரண்டு போர்ஷன்களிலும் அந்தப் பையனை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மாடியில், கைக்குழந்தை இருக்கும் வீட்டின் சமையலறை விளக்கும் அதேபோல் மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வயர்மேன் வருகிறார். அதுவரை அந்த ஹோல்டர் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.