பட்டியலைச் சின்னதாக்கு, மகள்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீ அனுப்பிய உணவுப் பட்டியலை வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசித்தேன். லண்டனில் நீயும் மருமகனும் சொந்தமாக இத்தாலியச் சாப்பாட்டுக்கடை திறக்கப் போவதை இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் அந்த 40 சாப்பாட்டைப் பற்றி உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

ரோமின் கார்போனாரா, ஜெனோவாவின் பெஸ்தோ, மிலானின் குங்குமப்பூ ரிசோத்தோ எல்லாம் ஒரே தாளில் நிற்கின்றன. இங்கே இத்தாலியில், ரெஜ்ஜோ எமிலியா மலைப்பக்கத்தில் நான் வேலை செய்யும் ஒஸ்தெரியாவில், அதுதான் இந்தச் சின்னச் சாப்பாட்டுக்கடையில், தாளே கிடையாது. கடைக்கார அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், மேசைக்கு வந்து இன்றைக்கு என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுவார். இரண்டு மூன்று பாஸ்தா, இரண்டு இறைச்சி, அவ்வளவுதான். இத்தாலி ஒரு நாடானதே 1861இல். சமையல் இன்னும் ஊருக்கு ஊர் வேறுதான். போ ஆற்றைத் தாண்டி மாந்தோவாவுக்குப் போனால் தோர்த்தெல்லி என்ற அடைத்த பாஸ்தாவுக்குள் பூசணிக்காயும் அமரெத்தி பிஸ்கட்டும் வைக்கிறார்கள். எங்கள் பக்கம் கீரைத் தோர்த்தெல்லிதான் பேர்போனது.

கீரையை அவித்து, ஆறவைத்து, துணியில் கட்டிப் பிழிவது என் வேலை. பச்சைத் தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை முறுக்க வேண்டும், மணிக்கட்டு நோகும். ஈரம் மிஞ்சினால் மா ஊறிப்போய், கொதிநீரில் போட்டதும் வாய் திறந்துவிடும். அப்புறம் அதைப் பொடியாகக் கொத்தி மென்மையான ரிகோத்தா சீஸ், துருவிய பார்மிஜானோ சீஸ், ஒரு சிட்டிகை சாதிக்காய் சேர்ப்போம். மாவுக்கு 100 கிராமுக்கு ஒரு முட்டை, தண்ணீர் ஒரு சொட்டும் விடுவதில்லை. சிஞ்ஞோரா அதை நீட்டு உருளைக்கட்டையால் மரப்பலகையில் தேய்ப்பார், பலகை மங்கலாகத் தெரியுமட்டும். மரத்தில் தேய்த்தால் மேற்பக்கம் சொரசொரப்பாக வரும், உருக்கிய வெண்ணெய் அதில்தான் நன்றாகப் பிடிக்கும். மற்ற 39 சாப்பாட்டையும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் உன் குசினியில் யார் செய்வது, சொல்லு?

காலத்தையும் யோசி. இலையுதிர்காலத்தில் மலைக்காட்டுப் போர்ச்சினி காளானும் செஸ்நட் மாவும் வரும். நத்தாருக்குக் கப்பெல்லெத்தி என்ற குட்டி அடைத்த பாஸ்தா. கோழியும் மாட்டிறைச்சியும் மணிக்கணக்காகச் சிறுதீயில் கிடந்த சாற்றில் அதைப் போட்டுக் கொடுப்போம். ஜனவரியில் வந்த ஒரு குடும்பம் தக்காளி சாலட் கேட்டது. சிஞ்ஞோரா இல்லை என்று சொல்லிவிட்டு, கசப்பு ரதிக்கியோ இலைமேல் சூடான பன்செத்தா பன்றியிறைச்சியையும் வினாகிரியையும் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தார். கோப்பையைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டார்கள். நீ பன்னிரண்டு மாதமும் கப்ரேசே சாலட் போட்டிருக்கிறாய், லண்டனின் பெப்ரவரித் தக்காளியில் என்ன ருசி இருக்கும்?

பார்மிஜானோவில் மட்டும் கைவைக்காதே. ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் போகிறது, குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும், விலை அதனால்தான். மலிவுத் தூளை வாங்காமல் துண்டாக வாங்கித் துருவு. தோலையும் எறியாதே, சுரண்டிக் கழுவிச் சூப்பில் போடு.

உன் பயம் எனக்குத் தெரியும். பட்டியல் சின்னதாக இருந்தால் ஆட்கள் வர மாட்டார்கள் என்று நினைக்கிறாய். இங்கே ஞாயிறு மத்தியானம் வந்து பார், நகரத்திலிருந்து மலை ஏறி வருகிறவர்கள் தெரிவு தேடி வருவதில்லை. போன கிழமை சாப்பிட்டது இந்தக் கிழமை இல்லையென்றால் அதற்கும் சந்தோஷப்படுகிறார்கள்.

ஜூன் 23 இரவு சான் ஜொவானி திருநாள் சாப்பாடு. பார்மா பக்கத்தில் அன்றைக்கு வெளியில் மேசை போட்டு, இரவுப் பனித்துளி விழ விழ கீரைத் தோர்த்தெல்லி சாப்பிடுவார்கள், எங்கள் ஒஸ்தெரியாவிலும் உண்டு. நீங்கள் இரண்டு பேரும் அதற்கு வரவேண்டும். பகலில் என்னோடு குசினியில் நில்லு, கீரை பிழிந்து பழகு. பட்டியலையும் கொண்டு வா, அடுத்த நாள் சிஞ்ஞோராவுடன் இருந்து வெட்டலாம். டிக்கெட் விலை ஏற முதல் போட்டுவிடு, எந்த நாள் என்று அப்பாவுக்கு அறிவி, அவர் பொலோஞ்ஞா விமான நிலையத்துக்கு வருவார்.

அன்புடன்
அம்மா