பதினோரு பேருக்கு மட்டும் ஏன் மாலை வகுப்பு?

அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். வகுப்பில் 32 பேர். தீபாவளி முடிந்ததிலிருந்து அதில் 11 பேரை மட்டும் சாயங்காலம் ஐந்தரை வரை உட்கார வைத்து என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவள் அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்று கேட்கப் போனால், "ஏழாவதுல அறுபது பர்சன்ட்தான் சார், எழுதினாலும் வராது" என்றார்கள்.

விதிப்படி ஏழாவதில் 55 சதவீதம் இருந்தாலே எழுதலாம், பட்டியலினத்துப் பிள்ளைகளுக்கு 50 இருந்தாலே போதும். வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. நான் வாடகைக்கு டாடா ஏஸ் ஓட்டுகிறவன், அந்தக் கவலையே இல்லை. ஆனால் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தானே போகிறது, நீங்கள் பதிவேற்றாவிட்டால் நாங்கள் எங்கே போவது?

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய் என்பது, பெண்ணை இடையில் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிற வீட்டில் சின்னத் தொகை இல்லை. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம்தான், எல்லோருக்கும் கிடைக்காது. சரி, அதை எழுதிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோமே.

போன வாரம் என் மகள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டை வாங்கி வந்து, "3, 8, 15, 24, அடுத்து என்னப்பா?" என்றாள். நான் திருதிருவென்று முழித்தேன். "5, 7, 9னு கூடிட்டே போகுது, அடுத்து 11, அப்போ 35" என்று அவளே சொல்லிவிட்டு, "இதெல்லாம் எங்களுக்கு ஏன்ப்பா நடத்தல?" என்று கேட்டாள். அந்தத் தேர்வின் மனத்திறன் தாளில் 90 கேள்வியும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான். தினம் காலையில் இரண்டு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் 32 பேரும் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள், அதற்குத் தனி வகுப்புகூட வேண்டியதில்லை. இப்போது என்ன நடக்கிறது என்றால், விளையாட்டுப் பீரியடிலும் அந்த 11 பேருக்குப் பயிற்சி, மற்றவர்களுக்குக் காப்பி ரைட்டிங்.

கூட்டத்துக்குக் கூட்டம் "எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள்" என்று உங்களைக் கேட்பார்களாம், அதனால்தான் தேறாது என்று தோன்றுகிற பிள்ளையை முதலிலேயே கழித்துவிடுகிறீர்கள் என்று ஓர் ஆசிரியரே சொன்னார். உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனால் அதைச் சுமக்க வேண்டியது பதின்மூன்று வயதுப் பிள்ளையா?

இந்த வருடப் பதிவு முடிந்துவிட்டது, எட்டாவதில் விட்டால் மறுபடி எழுதவும் முடியாது. சின்னவன் இப்போது ஆறாவது. அவன் வகுப்பில் 40 பேர்.