அடிபம்பு அருகில் எங்களுக்குப் பாடம் சொன்னவர்களுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கு, வணக்கம்.

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதை எங்கள் வேதியியல் மாணவர்கள் பாடத்தில் படித்தவர்கள்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்று தேர்விலும் எழுதுவார்கள். அவர்களில் சிலருக்குப் பல்லிலேயே ஃபுளோரைடால் வந்த காவிக்கறை உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வைத்தது உங்கள் ஊர்தான்.

பம்புக்குப் பம்பு தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தோம். ஃபுளோரைடு குறைவென்றால் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். கூடக் கூட மஞ்சளாகும். மூன்றாவது பம்பில் பளிச்சென்று மஞ்சள் வந்ததும், சோதனை சரியாக வந்துவிட்டதே என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். குடத்தோடு நின்றிருந்த பாட்டி கேட்டார்: "சரி கண்ணு, மஞ்சளா வந்திருச்சு. இப்ப நாங்க எந்தத் தண்ணியக் குடிக்கிறது?"

யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. முதல் நன்றி அந்தப் பாட்டிக்குத்தான். அன்று திரும்பி வந்த பஸ்ஸிலேயே மாணவர்கள் திட்டத்தை மாற்றினார்கள். அறிக்கையோடு நிறுத்தாமல், எது குடிக்க, எது துவைக்க என்று ஒவ்வொரு பம்பிலும் எழுதி வைப்பது என முடிவானது. வரைபடம் போடக் கணினித் துறையிலிருந்து வந்தார்கள். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது என்பதைப் பாட்டிக்குப் புரிகிற ஒரு வரியாக்கத் தமிழ்த் துறைப் பிள்ளைகள் மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள்.

தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது! ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது. அதனால் எந்த போர்வெல் எத்தனை அடி, எது கோடையில் வற்றும் என்று தெரியாமல் எங்கள் வரைபடம் பாதிதான். அதெல்லாம் அவர் மனப்பாடமாகச் சொன்னார். வேலை முடித்துவிட்டு வந்தும் எங்களோடு வெயிலில் நடந்தார்.

அங்கன்வாடி அம்மா, முடிவைச் சொன்ன மறுநாளே சமையலுக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீரை மட்டும் பிடித்து வைக்கத் தொடங்கினார். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிற வயதுப் பிள்ளைகள் அவர்கள். அதைவிடப் பெரிய மதிப்பெண் எங்களுக்கு வேண்டாம். அப்புறம், பெயின்ட் வாங்கித் தந்த கடைக்காரருக்கும், மதியம் எங்களைப் பசியோடு விடாத வீடுகளுக்கும் நன்றி.

மழை முடிந்து நீர்மட்டம் ஏறினால் அளவு மாறலாம். தை பிறந்ததும் மறுபடி சோதிக்க வருகிறோம். பாட்டி, உங்கள் பம்பில்தான் தொடங்குவோம்.

மாணவர்கள் சார்பில்,
வேதியியல் ஆசிரியை