நாலு விதை ஒரு கிராம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் ஜூன் பாதியிலேயே வந்துவிட்டது. வீடு நிறையப் பிள்ளைகள் இருந்ததால் பதில் எழுத உட்கார முடியவில்லை. நேற்றுத்தான் மகளும் பேரப்பிள்ளைகளும் டல்லாசுக்கு விமானம் ஏறினார்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, போர்வைகளைத் துவைத்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று போன தடவையே சொன்னேன்.

மே மாதம் உன் பேரன்கள் வந்து மாமரத்தைக் காலி செய்ததை எழுதியிருந்தாய். நாள் முழுக்க இதுகளை என்ன செய்ய வைப்பது என்றும் கேட்டிருந்தாய். உனக்காவது முற்றமும் மரமும் இருக்கிறது. எனக்கு இருப்பது ஈசூனில் ஒன்பதாவது மாடியில் நாலறை வீடு. டல்லாஸ்காரி பெரியவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. ஜூன் பள்ளி விடுமுறை என்பதால் செங்காங்கிலிருந்து மகன் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். நாலு பிள்ளைகள், நாலு வாரம்.

முதல் வாரம் தப்பு செய்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்த பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் காலை ஓரிடம், மாலை ஓரிடம் என்று ஓடினோம். பூமலைத் தாவரவியல் பூங்கா, அறிவியல் நிலையம், மண்டாயில் புதிய பறவைப் பூங்கா. ஜூரோங் பறவைப் பூங்கா இப்போது இல்லை, தெரியுமா? 1971-ல் திறந்ததை 2023-ல் மூடி, பறவைகளை மண்டாய்க்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது திறந்த வருஷம்தான் நீங்கள் இந்தியாவுக்கு ரஜூலா கப்பலில் ஏறினீர்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள், ஆனால் களைத்துப்போனார்கள். தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் வந்ததெல்லாம் "யெஸ் பாட்டி", "நோ பாட்டி" மட்டும்தான். ராத்திரி படுத்தால் மனசு கனத்தது. ஒரு நாளைக்கு ஒன்று போதும், அதுவும் பக்கத்திலேயே போதும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் செம்பாவாங் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். கடற்படைத்தளக் குடியிருப்பில் நாம் இருந்தபோது உன் அப்பா சைக்கிளில் கூட்டிப்போகிறேன், கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாரே, அதே ஊற்று. 2020-ல் அதைப் பூங்காவாக்கித் திறந்துவிட்டார்கள். ஊற்றுநீர் கிட்டத்தட்ட 70 டிகிரி சூட்டில் வருகிறது. அடுக்கடுக்காகக் கீழே இறங்கி ஆறி, கால் வைக்கிற அளவுக்கு வருகிறது. எல்லாரும் வாளி, பாத்திரம், முட்டை எல்லாம் எடுத்து வருகிறார்கள். நாங்கள் பெரிய டிபன் டப்பாவும் பத்து முட்டையும் கொண்டுபோனோம். குழாயில் வெந்நீர் பிடித்து, முட்டையைப் போட்டு மூடி, இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். தண்ணீர் ஆறுகிறது என்று நடுவில் ஒரு தடவை மாற்றினோம். சின்னவன் டப்பாவைவிட்டு நகரவே இல்லை. மூடியில் காதை வைத்து, "பாட்டி, உள்ள தூங்குதா?" என்று கேட்டான். இந்தப் பயணத்தில் அவன் தானாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம்.

உடைத்துப் பார்த்தால் ஓர் அதிசயம். நாம் வீட்டில் அரைவேக்காடு வைத்தால் வெள்ளை கட்டியாகும், மஞ்சள் ஓடும். இதில் மஞ்சள் அல்வா மாதிரி கட்டியாகி இருக்கிறது, வெள்ளை இன்னும் கொழகொழவென்று இருக்கிறது. பெரியவள் விடவில்லை, ஏன் என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. மஞ்சள் கரு கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே இறுகும், வெள்ளை முழுக்க இறுக அதற்கு மேல் சூடு வேண்டும் என்று மகள் சொன்னாள். அதை எனக்குத் தமிழில் சொல்லு என்றேன். தட்டுத்தடுமாறி, "மஞ்சளுக்கு கொஞ்சம் ஹாட் போதும், வெள்ளைக்கு நிறைய வேணும்" என்றாள். ஹாட்டுக்குச் 'சூடு' என்றேன். அன்றைக்கு முழுக்க 'சூடு' என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாள். சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டு, பத்து முட்டையும் அங்கேயே தீர்ந்தது.

இதற்குள் எங்கள் புளோக்குக்குப் பின்னால் நடக்கப் போனபோது ஆனைக்குன்றிமணி மரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கே அதைச் சாகா மரம் என்பார்கள், நினைவிருக்கிறதா? காய் முறுக்கிக்கொண்டு வெடித்து, சிவப்பு விதை புல்லில் பொட்டுப் பொட்டாகக் கிடக்கும். கறுப்புப் புள்ளி வைத்த குன்றிமணி வேறு, அது விஷம், வாயில் வைக்கவே கூடாது என்று முதலில் பாடம் நடத்தினேன். முன்காலத்தில் தட்டான்கள் இந்தச் சாகா விதையை வைத்துத்தான் பொன் நிறுத்தார்கள், நாலு விதை ஏறக்குறைய ஒரு கிராம் என்றேன். பெரியவள் நம்பவில்லை. நேராக மேலே போய், நான் மாவு நிறுக்கிற தராசில் நாற்பது விதையை எண்ணிப் போட்டாள். 10 என்று காட்டியது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும்.

விதை சேர்ந்தால் சும்மா இருக்க முடியுமா? மலாய்க்கார மக்சிக் வீட்டு வாசலில் நீயும் நானும் அவர்கள் பல்லாங்குழியான சொங்காக் ஆடியது ஞாபகம் வந்தது. தோணி மாதிரி பலகை, பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு முனையிலும் பெரிய வீடு, மொத்தம் 98 விதை. உங்கள் வீட்டில் உன் பாட்டி நம்முடைய பல்லாங்குழியை ஆட வைப்பார், அதில் ஓரத்தில் வீடு கிடையாது. என்னிடம் பலகை இல்லை. முப்பது முட்டை வருமே அந்த அட்டையில் இரண்டு வரிசையை வெட்டினேன். ஆறு ஆறாகப் பன்னிரண்டு குழிதான் வந்தது. மீதி அட்டையிலிருந்து இரண்டு குழியைச் சின்னவன் டேப் போட்டு ஒட்டினான். குழிக்கு ஐந்தாக 70 விதை, பல்லாங்குழி தயார்.

ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு, எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்ததுதான் தாமதம், வீடே மாட்டுக்கொட்டகை ஆகிவிட்டது. "பசு! எனக்குப் பசு!" என்று கத்தல். நாலு என்றால் ஏன் பசு என்று பெரியவள் கேட்டாள். நாலு கால் என்று செங்காங்கான் சொன்னான். அதுதான் காரணமா என்று நான் ஆராயப் போகவில்லை, அவன் தானாக யோசித்தானே. சின்னவனுக்கு ஆங்கிலத்தில் நூறு வரை தெரியும், தமிழில் பத்தே தட்டும். ஊருக்குப் போகிற அன்று எழுபது வரை நிற்காமல் எண்ணினான். எழுபத்தொன்று சொல்லு என்றால், "விதை இல்லையே பாட்டி" என்கிறான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அது வேறு கண்ணீராகிவிட்டது. மகள் பார்க்காத மாதிரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

உன் பேரன்களை லீவில் என்ன செய்ய வைப்பது என்று கேட்டாய் அல்லவா? அடுத்த தடவை வந்தால், மாம்பழம் தின்றதும் கொட்டையை எறியாமல், காயவிடாமல் உடனே நட வைத்துப் பார். பெயர் எழுதி ஆளுக்கு ஒன்று.

விதைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முட்டை அட்டை ஏற்கெனவே நைந்துவிட்டது. அடுத்த ஜூனிலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் தஞ்சாவூரில் யாராவது தச்சரிடம் சொல்லி ஒரு மரப்பலகை செய்து அனுப்பு. மடக்குகிற மாதிரி வேண்டாம். உன் பாட்டி வைத்திருந்தது போல ஒரே கட்டையில், குழி ஆழமாக, சின்னக் கை உள்ளே போகிற மாதிரி இருக்கட்டும். கூலி எவ்வளவு என்று எழுது.

உன்,
பழைய பக்கத்து வீட்டுக்காரி