வேலை இருந்தால்தானே

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள முருகேசா,

பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து மகிழ்ந்தோம். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

வரி மாற்றங்களைக் கணினியில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். இங்கே சாமோட் என்றொரு மைக்ரோசிமுலேஷன் மாதிரி இருக்கிறது. ஐரோப்பியர்களின் யூரோமோட் மென்பொருளின் மேல் கட்டியது. கணக்கெடுப்பில் வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்றைய வரி எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு என்று கணக்குப் போடும். சட்டத்தை மாற்றி மறுபடியும் போடும். 'சராசரி மனிதன்' என்ற இல்லாத ஆளைப் பிடித்துக்கொண்டு பேசாததால் எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டு. 2025-இல் 15 விழுக்காடு வாட் வரியை அரை விழுக்காடு ஏற்றப் பார்த்து, ஏப்ரலில் நிதியமைச்சர் கோடோங்வானா பின்வாங்கினார். சோள மாவு, அரிசி, பழுப்பு ரொட்டிக்கு வாட் கிடையாது. அப்படியானால் எந்த வீட்டுக்கு எவ்வளவு அடி? இதற்கெல்லாம் சாமோட் நன்றாகப் பதில் சொல்லும்.

வரியோ உதவித்தொகையோ மாறினால் மக்கள் உழைக்கும் நேரத்தை எப்படி மாற்றிக்கொள்வார்கள் என்று கணிக்கும் அடுத்த படிதான் எனக்கு இடிக்கிறது. சும்மா இருப்பதா, வாரம் 20 மணி நேரம் உழைப்பதா, 40 மணி நேரமா என்று ஆளே தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். வேலையின்மை 30 விழுக்காட்டைத் தாண்டிய நாட்டில் யார் தேர்ந்தெடுப்பது? கொரோனாக் காலத்தில் வேலையற்றோருக்காகத் தொடங்கிய உதவித்தொகை மாதம் 370 ரேண்ட். வருமானம் 624 ரேண்டைத் தாண்டினால் அது நின்றுவிடும். பாடநூலைக் கேட்டால், ஆள் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்வார். எங்கள் தெருப் பெண்ணுக்கு ஒரு கடையில் சனிக்கிழமை மட்டும் வேலை என்றார்கள். உதவித்தொகை போனால் போகட்டும் என்று ஓடினாள். டாக்சிக் கட்டணம் போக மிஞ்சுவது சொற்பம். அதிலிருந்து முழு வேலை கிடைத்துவிடாதா என்ற ஆசைதான். அவள் அம்மா என்னிடம் வந்து புலம்பியபோது நான் பொருளாதாரம் பேசியிருந்தால் அடித்தே இருப்பாள்!

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2014 முதல் இளைஞரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு வரிச் சலுகை தருகிறார்கள். ஆள் வராதது சிக்கலில்லை, கூப்பிடுவார் இல்லை என்பதே அதன் அடிப்படை. வயது, படிப்பு, ஊர் பார்த்து ஒருவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பை முதலில் மதிப்பிட்டு, அதன்பிறகே அவர் விருப்பத்தை நுழைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. உன் மாணவர்களுக்கு அந்த வழியைக் காட்டு. யூரோமோட் மென்பொருள் இலவசம்தான்.

தைப்பூசக் காவடி பார்க்க வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் எடுத்தாயா? தங்கச்சியையும் அழைத்து வா.

அன்புடன்,
தயாளன்